தேறிவிட்ட குழந்தைக்கு இன்னொரு பாட்டில் எதற்கு?

வயிற்றுப்போக்கால் துவண்ட நிலையில் சேர்க்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை, மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, தானே கேட்டுத் தண்ணீர் குடித்து, சிறுநீரும் நன்றாகக் கழித்துவிட்டதால், ட்ரிப்பை நிறுத்தச் சொன்னேன். "முகம் இன்னும் வாடியிருக்கிறதே டாக்டர், தெம்புக்கு இரண்டு பாட்டிலாவது ஏற்றுங்கள்" என்று அதன் தந்தை விடாமல் வாதாடினார். இரவெல்லாம் கண்விழித்த பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே வாக்குவாதத்தை எத்தனை முறைதான் நடத்துவது?

ட்ரிப்பில் தெம்பு இல்லை. ஐந்து சதவீதக் குளுக்கோஸ் உள்ள 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அது தரும் ஆற்றல் 100 கலோரியைத் தாண்டாது. மூன்று வயதுக் குழந்தைக்கோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவைப்படுகிறது. புரதமோ கொழுப்போ துளியும் இல்லாத அந்தத் திரவத்தைவிட, குழந்தை விரும்பிச் சாப்பிடும் நாலு வாய் உணவு மேலானது. போதிய உப்பில்லாத குளுக்கோஸ் நீரைத் தேவைக்கு மீறி ஏற்றினால், இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகக்கூடும். ஊசி குத்திய இடம் வீங்குவதையும் அதில் கிருமி சேர்வதையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கையில் குழாயோடு படுத்திருக்கும் குழந்தை விளையாடவும் மாட்டாது, சரியாகச் சாப்பிடவும் மாட்டாது; அதைப் பார்த்து "இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறான்" என்று மறுபடியும் பாட்டில் கேட்பார்கள்.

வாய்வழியே குடிக்க முடிகிற குழந்தைக்கு, உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த பொடியை நீரில் கரைத்துத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் காலராவுக்கே இதைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். (மலிவானது என்பதாலேயே இதற்கு மதிப்பில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் மட்டுமே கரையுங்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாகத் தொடருங்கள். துத்தநாக மருந்தைப் பேதி நின்றதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுத்து முடியுங்கள். தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்த வேண்டாம். பேதியை உடனே கட்டும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குத் தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின் பசி மெல்லத்தான் திரும்பும். அதட்டி ஊட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். இரண்டு வாரங்களுக்குத் தினமும் ஒருவேளை உணவு கூடுதலாக இருக்கட்டும். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை எதையும் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். அந்நிலையில் ட்ரிப் தேவையென்றால் நாங்களே போடுவோம். நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.