டேஷ்போர்டில் பெயிண்ட் உரிந்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்

பெயிண்ட் அடிக்கும் என் கடைக்கு இந்த மாதமும் ஒரு கார் வந்துவிட்டது. 15 வருடப் பழைய கார். டோர் பேட், கியர் கன்சோல், ஏசி வென்ட் சட்டம் எல்லாவற்றுக்கும் உரிமையாளரே ஸ்ப்ரே கேன் வாங்கிக் கறுப்பு அடித்திருக்கிறார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்ததாம். அப்புறம் பவர் விண்டோ பட்டனுக்குப் பக்கத்தில் நகம் பட்டு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே தோலாக உரிந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக்கில் பொட்டு நிறம்கூட ஒட்டியிருக்கவில்லை. "மட்டமான பெயிண்ட்டைத் தலையில் கட்டிவிட்டான் சார்" என்றார். பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான்.

"நல்லா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேனே!" இதையும் எல்லோரும் சொல்வார்கள். உப்புத்தாள் போட்டால் எதிலும் பெயிண்ட் பிடிக்கும் என்ற நம்பிக்கையை யார் பரப்பினார்களோ, எனக்கு நிறைய வேலை கொடுத்திருக்கிறார்கள். தேய்ப்பதற்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வராது. நான் சொல்கிறேன்: பல வருடமாகப் போட்ட டேஷ்போர்டு பாலிஷ். துடைத்ததும் ஈரம் போலப் பளபளக்கும் அந்தப் பாலிஷ்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சிலிக்கான் எண்ணெய். அது ஆவியாகிப் போகாது. சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை துடைத்தாலும் போகாது. அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் என்ன ஆகும்? நீங்கள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெயைத் திணிக்கிறீர்கள். மேலே இருந்ததை உள்ளே இறக்கிவிட்டு, அதன் மேல் பெயிண்ட் அடிக்கிறீர்கள். எண்ணெய் அதிகமாக இருந்தால் அடிக்கும்போதே பெயிண்ட் விலகி, அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். அது ஒரு வகையில் நல்லது, அங்கேயே நிறுத்திவிடலாம். கொஞ்சமாக இருந்தால்தான் வம்பு. எல்லாம் சரியாக முடிந்த மாதிரி தெரியும்.

ஆகவே முதலில் கழுவுங்கள். பாகத்தைக் கழற்றி, டிடர்ஜென்ட் தண்ணீரில் பிரஷ் போட்டு, தோல் போன்ற அந்தச் சொரசொரப்புக்குள் எல்லாம் தேயுங்கள். அலசிக் காய்ந்ததும், பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெழுகு-எண்ணெய் நீக்கியை ஒரு துணியில் தடவி, காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தால் எண்ணெய் இடம் மாறும், அவ்வளவுதான். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் திரும்பவும் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. அதுவும் உப்புத்தாள் வேண்டாம், சொரசொரப்பு மழுங்கிவிடும். சாம்பல் நிற நைலான் தேய்ப்புத் துணி போதும்.

அடுத்தது, எந்தப் பிளாஸ்டிக்? பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் முதுகில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் பெயிண்ட் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் தின்னரையோ அசிட்டோனையோ ஊற்றித் துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகிவிடும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால் என்னதான் கழுவினாலும், தேய்த்தாலும், வெறும் பிரைமர் (அடிப்பூச்சு) நிற்காது. பெயிண்டை ஒட்டவைப்பதற்கென்றே அட்ஹீஷன் புரொமோட்டர் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அது மெல்லிசாக ஒரு கோட் போக வேண்டும். அது எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த கோட்டைக் கேட்கிறது என்பது கேன் மேலேயே இருக்கும், படியுங்கள். (தண்ணீரில் மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு சோதனை சொல்வார்கள். டால்க் பொடி கலந்த பிபியும் மூழ்கும். நம்பாதீர்கள்.)

பட்டன்களைச் சுற்றிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் கறுப்புப் பூச்சு வேறு விஷயம். அது தொழிற்சாலையில் மெத்தென்று இருக்க அடித்த பாலியூரித்தேன் பூச்சு, ஈரக்காற்றிலும் சூட்டிலும் சிதைந்துபோனது. அதன் மேல் எதையும் அடிக்காதீர்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பொறுமையாகத் துடைத்து முழுதாக எடுத்துவிடுங்கள். பல சமயம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கே அழகாக இருக்கும், பெயிண்டே தேவைப்படாது.

இப்போது கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். இதே காரில் பயணி பக்கத்து ஏர்பேக் மூடியில் இருந்த கோட்டை அசிங்கமாக இருக்கிறது என்று பட்டி போட்டு மூடி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார். ஐயா, மூடி அந்தக் கோட்டில் கிழிவதற்காகத்தான் அது இருக்கிறது. சில கார்களில் கோடு வெளியே தெரியாது, உள்பக்கம் மெலிதாக்கியிருப்பார்கள். மோதினால் பை விரிய எடுத்துக்கொள்வது சுமார் 30 முதல் 50 மில்லிநொடி. அந்த வேகத்தில் காய்ந்த பட்டி உடைந்து எங்கே போகும்? எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு. எஸ்ஆர்எஸ் அல்லது ஏர்பேக் என்று எழுதியிருக்கும் எதையும், ஸ்டீயரிங் நடுவிலும் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் உறையிலும்கூட, தொடாதீர்கள். பக்கத்துப் பாகத்தைக் கழற்றுவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன அளவு நேரம் காத்திருங்கள். சீட் பெல்ட் பக்கிளுக்கும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

டேஷ்போர்டின் மேல்பகுதிக்குப் பளபளப்பான கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) போடாதீர்கள், வெயிலில் முன்கண்ணாடி முழுக்க அதன் பிம்பம் விழும். மேட் போதும். ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் திரவத்தைக் கலக்கும் இரண்டு-பாகக் கிளியர் வீட்டில் செய்பவர்களுக்கு வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வந்தால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சாதாரண கேன் என்றாலும் காருக்குள் உட்கார்ந்து அடிக்காதீர்கள். பாகத்தைக் கழற்றி வெளியே வைத்து, மெல்லிய கோட்டாக, இடைவெளி விட்டு அடியுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், கடையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியைக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் "கொஞ்சம் நீட்டாக இருக்கட்டும்" என்று பாலிஷ் போட்டுத் துடைத்துக் கொண்டுவராதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.