அப்பர்ச்சர்: துளையும் தகவும்

கேமரா லென்ஸில் ஒளி புகும் துளையை ஆங்கிலத்தில் 'அப்பர்ச்சர்' என்பார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்வது? அச்சொல்லின் வேர், திறத்தலைக் குறிக்கும் 'அபெரீரே' என்ற இலத்தீன் வினை. நேர்ப்பொருளை வைத்துத் 'திறப்பு' என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இலங்கைத் தமிழில் திறப்பு என்றால் சாவி. 'துவாரம்' என்பது வாயிலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. துவாரபாலகர் என்பதில் அந்தப் பழம்பொருள் இன்றும் நிற்கிறது. அதில் தவறில்லை என்றாலும், 'துளை' என்ற எளிய சொல் கையில் இருக்க வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. ஒளி புகும் இடத்தை 'ஒளித்துளை' என்போம்.

சிக்கல் அதோடு தீர்வதில்லை. ஒளிப்படக்காரர்கள் துளையையும் அப்பர்ச்சர் என்கிறார்கள்; எஃப் 8, எஃப் 22 என்ற எண்களையும் அப்படியே சொல்கிறார்கள். இந்த எண், லென்ஸின் குவியத் தொலைவை (தொலைவிலுள்ள காட்சியை லென்ஸ் குவிக்கும் தூரத்தை)த் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு. விட்டம் வகுக்கும் இடத்தில் நிற்பதால்தான் எண் கூடக் கூடத் துளை சிறுக்கிறது. இந்த விகிதத்துக்குத் 'துளைத்தகவு' என்ற தனிச்சொல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறிய கேமராவில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. 4×5 அங்குலப் பிலிம் ஏற்கும் பெரிய கேமராவிலோ, லென்ஸ் முன்பாதி, பின்பாதி எனப் பிரிந்து, ஒளிக்கு வழியைத் திறந்து மூடும் ஷட்டரின் இருபுறமும் திருகப்படுகிறது. துளையைச் சுருக்கும் இதழ்கள் இருப்பது ஷட்டருக்குள், எண்கள் பொறித்த தகடு இருப்பது அதன் மேல். கோப்பல் 1 என்ற வகை ஷட்டரில் குவியத் தொலைவு 210 மி.மீ. உள்ள லென்ஸும் பொருந்தும், 300 மி.மீ. லென்ஸும் பொருந்தும். 210க்கு உரிய தகட்டை மாற்றாமல் 300ஐப் பூட்டி முள்ளை 22இல் வைத்தால், துளை ஏறத்தாழ 9.5 மி.மீ. இருக்கும்; 300ஐ அதனால் வகுத்தால் உண்மைத் தகவு 32க்கு அருகில் வருகிறது, பிலிமுக்குப் பாதி வெளிச்சமே சேர்கிறது. இதுவும் தோராயக் கணக்கே, ஏனெனில் இங்கே விட்டம் எனப்படுவது இதழ்களிடையே நேரே அளந்தது அன்று, லென்ஸின் முன்பாதி வழியே பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டம். அது எவ்வளவு பெருகித் தெரியும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். ஆகவே அந்த லென்ஸுக்கும் அந்த ஷட்டருக்கும் சேர்த்தே பொறித்த தகடுதான் நம்பத்தக்கது. ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான ஷ்னைடரின் பழைய சிம்மார் 150 மி.மீ. லென்ஸில் முன்பாதியைக் கழற்றினால் அதுவே 265 மி.மீ. ஆகிவிடும், அதற்கென்றே அதன் ஷட்டரில் இரண்டாம் வரிசை எண்கள் பச்சையில் இருக்கும்.

பழைய கோடாக் கேமராக்கள் சிலவற்றில் உள்ள எண்கள் தகவே அல்ல. அவை 1881இல் பிரிட்டனின் ஒளிப்படச் சங்கம் வகுத்த 'சீர்முறை'யின் (Uniform System) எண்கள்; அதில் எண் இரட்டித்தால் ஒளியேற்கும் நேரமும் இரட்டிக்கும். 16 மட்டும் இரு முறைகளிலும் ஒன்றே. அதன் 4 நமக்கு எஃப் 8, அதன் 32 நமக்கு எஃப் 22.