5 வாட் கருவியும் ஒரு மலை உச்சியும்

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ) என்றால் என்னவென்று நண்பருக்குக் காட்ட வேண்டுமா? வீட்டு மேசைமுன் உட்காரவைத்து விளக்காதீர்கள். மலையேறக் கூட்டிப்போங்கள். "செல்போன்தான் இருக்கிறதே, இது எதற்கு?" என்று அடிவாரத்தில் கேட்பவர், உச்சியில் "இது எப்படி முடிகிறது?" என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்குத்தான் சுவையான பதில் இருக்கிறது.

இப்படிப் பேசும் ஹாம்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கி பெரும்பாலும் 5 வாட் திறன் கொண்டது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பேசும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. சமதரையில் நிற்பவரின் கருவி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து ரேடியோவின் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும்வரை அலை எட்டும் தூரம், வெறும் 5 கிலோமீட்டர். சேலம் நகருக்குள் என்றால் கட்டடங்கள் அதையும் குறைத்துவிடும்.

சரி, இப்போது ஏற்காட்டுக்கு ஏறுவோம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர். கீழே சேலம் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. வித்தியாசம் 1,340 மீட்டர். இதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும்: சுமார் 150. கண்ணுக்கு இந்தப் பெருக்கெண் 3.57தான். மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் ரேடியோ அலை லேசாகக் கீழ்நோக்கி வளைகிறது. அதனால் கண்ணுக்கு எட்டாத கொஞ்ச தூரமும் அதற்கு எட்டுகிறது.

அதே கருவி, அதே பேட்டரி. 5 கிலோமீட்டர் 150 ஆகிவிட்டது.

"அவ்வளவு தூரத்துக்கு 5 வாட் போதுமா?" என்பார் நண்பர். தாராளமாகப் போதும். கரூர் அங்கிருந்து நேர்கோட்டில் 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே இருப்பவரின் ஆன்டெனாவுக்குப் போய்ச்சேருவது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் சில பங்குதான். ஆனால் இன்றைய ரிசீவருக்கு அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே பேச்சு புரியும். இந்த அலைவரிசையில் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் திறன் குறைவு அல்ல, குறுக்கே நிற்கும் மண்ணும் பாறையும்தான். தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும்போது இதே கைக்கருவியில் கேட்க முடிவதும் அதனால்தான்.

இதை நண்பரே சோதித்துப் பார்க்கட்டும். எதிர்முனையில் இருப்பவர் பேசும்போது கருவியின் சிக்னல் அளவுகோலைக் கவனிக்கச் சொல்லுங்கள். கருவியை மார்புக்கு நேரே பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று திரும்பட்டும். உடம்பு இடையில் வரும் திசையில் கோடுகள் குறையும். மனித உடம்பில் பெரும்பகுதி உப்புத்தண்ணீர், அது அலையை விழுங்குகிறது. அடுத்து ஆன்டெனாவைப் படுக்கவைக்கட்டும், மறுபடியும் குறையும். நிமிர்ந்த ஆன்டெனாவிலிருந்து வரும் அலையை நிமிர்ந்த ஆன்டெனாதான் முழுசாக வாங்கும். அப்புறம் உச்சிக்குப் பின்பக்கம் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். தெளிவாக வந்த குரல் முதலில் இரையும். பிறகு சுத்தமாக அறுந்துபோகும். ஒரு பாறை முகடு எவ்வளவு பெரிய தடை என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது என்பது என் எண்ணம். தென்கிழக்கே தெரியும் கொல்லிமலையும் இதே வேலையைத்தான் செய்கிறது: அதன் மறைவில் இருக்கும் ஊர்களுக்கு நம் குரல் எளிதில் போகாது.

கருவியோடு வரும் குட்டை ஆன்டெனாவையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த அலையின் நீளம் 2 மீட்டர். கால் அலை அளவு அரை மீட்டர். அதைச் சுருளாகச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள், அதனால் திறனில் ஒரு பகுதி வீணாகிறது. அரை மீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா திருகும் இடத்தின் உலோகப் பகுதியில் பொருத்திக் கீழே தொங்கவிட்டால், ஆன்டெனாவின் மறுபாதி போல வேலை செய்யும். செலவில்லாத முன்னேற்றம் இது.

மலையேற்றத்தையும் ரேடியோவையும் சேர்த்து ஒரு திட்டமே உண்டு. 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்று பெயர். 2002இல் பிரிட்டனில் தொடங்கியது. உச்சிக்கு 25 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் நின்று பேச வேண்டும். புள்ளி பெற நான்கு பேருடனாவது தொடர்பு வேண்டும். வண்டி பேட்டரியோ ஜெனரேட்டரோ கூடாது. தரையில் உள்ள ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) வழியாகப் பேசினால் கணக்கில் சேராது. சுமந்துகொண்டு ஏறியதை வைத்துத்தான் பேச வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

நம் நாட்டில் கருவியை வைத்திருக்கவும் பேசவும் மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதனால் உச்சியில் அழைப்புக்குறி (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) சொல்லிப் பேசுவது உரிமம் உள்ள நீங்கள்தான். நண்பர் பக்கத்தில் நின்று கேட்கலாம். இறங்கும்போது அவரே பேச ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும் கேட்பார்கள். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேவையில்லை. மலையில் பார்த்த இந்தத் தொடுவானக் கணக்கிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.