மூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன கிழமை நுவரெலியாவில் ஒரு லாயத்துக்குப் போனேன். ஆறு வயதுக் குதிரை. முன்னங்காலின் பின்பக்கம் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது, கை வைத்தால் சூடு. இந்த வருஷம் நான் பார்க்கும் மூன்றாவது கால் இது. மூன்றுக்கும் ஒரே கதைதான்: மாதக்கணக்கில் சும்மா நின்ற குதிரை, ஐந்து கிழமைப் பயிற்சி, அப்புறம் நேராகக் கிரொஸ் கன்ட்ரி (திறந்த வெளியில் தடை தாண்டி ஓடும் குதிரைப் போட்டி).

"மூச்சே வாங்கலையே டொக்டர், நல்லா ஃபிட்டாத்தானே இருந்துச்சு" என்றார் சொந்தக்காரத் தம்பி.

வாங்கியிருக்காது, நம்புகிறேன். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். தசைக்கு மாதக்கணக்கு வேண்டும். தசைநாணும் (தசையை எலும்போடு கட்டும் நார், அந்தக் குதிரைக்கு வீங்கியது இதுதான்) எலும்பும்தான் கடைசி. ஆறு மாதம், ஒரு வருஷம்கூட எடுக்கும். குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை என்று பெரிதாக எதுவும் இல்லை, எலும்பும் தசைநாணும் தோலும்தான். (நம் ஆட்கள் 'நரம்பு பிசகிடுச்சு' என்று எண்ணெய் தேய்ப்பது இந்தத் தசைநாண் மேல்தான். அங்கே பிசகுவது நரம்பு இல்லை.) இரத்த ஓட்டம் குறைந்த இடம் அது. பலப்படவும் நாளாகும், கிழிந்தால் ஆறவும் நாளாகும். ஐந்தாவது கிழமையில் உங்களிடம் இருப்பது புது எஞ்சின் பூட்டிய பழைய பஸ். எஞ்சின் இழுக்கிறது என்று ரம்பொடை இறக்கத்தில் விரட்டுவீர்களா?

அடுத்த பேச்சு: "மலைக் குதிரைதானே, கிரகரி வாவிக் கரையில நாள் முழுக்க ஆள் ஏத்துது." நடந்து பழகிய மட்டக்குதிரை நடக்கத்தான் தயார். கிரொஸ் கன்ட்ரியில் நிமிடத்துக்கு 400, 500 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். தடைகள் தட்டினால் விழும் கம்புகளும் இல்லை, அசையாத மரக்கட்டைகள். தாண்டி இறங்கும் ஒரு கணம் மொத்த எடையும் ஒற்றை முன்னங்காலில் நிற்கும். 6,000 அடி உயரத்தில் வாழ்வது இரத்தத்துக்கு உதவலாம், தசைநாணுக்கு அது எதையும் செய்யாது.

சரி, என்ன செய்வது? ஓய்விலிருந்து வந்த குதிரைக்கு முதல் நாலு, ஆறு கிழமை நடையும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ட்ரொட்டும் (மெதுவான துள்ளோட்டம்). சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். நமக்கு மேடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்: மேட்டில் ஏறினால் வேகமில்லாமலே இதயம் உழைக்கும். இறக்கத்தில் நடைதான், ஓட்டாதீர்கள். தார் ரோட்டில் கன்டர் (ட்ரொட்டைவிட வேகமான ஓட்டம்) வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகுதான் இடைவெளிப் பயிற்சி: மூன்று நிமிடம் கன்டர், மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று தடவை. அதுவும் மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை. தூரம், வேகம், மேடு மூன்றில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும்.

தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி எண்ணப் பழகுங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். ஓட்டம் முடிந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் 60 பக்கம் இறங்காவிட்டால் அன்றைய வேலை அதற்குக் கூடிவிட்டது. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். மறுநாள் வேலையில் பின்பக்கம் விறைத்து, மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் அசைக்காமல் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

தினமும் காலையில், சேணம் போடுவதற்கு முன், நாலு காலையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ தடிப்போ தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. வலி மருந்து கொடுத்துப் போட்டியில் இறக்குபவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

போட்டித் திகதி தெரிந்ததும் நுழைவுப் படிவத்தோடு என்னிடம் வராதீர்கள். நாலு மாதம் முன்னால் வாருங்கள். அப்போது கால் பார்க்க நான் காசுகூட வாங்குவதில்லை.