மேக் இன்ஸ்டால் அடித்தவர் வேலையை விட்டுப் போன பிறகு

2014 ஏப்ரல் 7 அன்று இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அந்த வாரம் என்னைப் போன்ற சர்வர்காரர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். என் பொறுப்பில் இருந்தவற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, ஆப்ட் அப்கிரேட் போட்டாச்சு. மெஷினையே ரீபூட் பண்ணிட்டேன். டெஸ்ட் பண்ணினா இன்னும் ஓட்டை இருக்குன்னுதான் சொல்லுது."

"ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் என்ன காட்டுது?"

"1.0.1ஈ."

ஆப்ட் என்பது பேக்கேஜ்களை, அதாவது லினக்ஸ் விநியோகம் தயாராகக் கட்டித் தரும் மென்பொருள் பொதிகளை, நிறுவிப் புதுப்பிக்கும் கட்டளை. அவர் சொன்ன பதிப்பு எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் ஓட்டையை அடைத்தது 1.0.1ஜியில். டெபியன் 7 என்ற விநியோகம் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 1.0.1ஈயில் ஒட்டித் தந்தது. அப்படிச் செய்யும்போது பேக்கேஜ் எண்ணின் வால்தான் மாறும், தலை மாறாது. வாலைப் படிக்கச் சொன்னேன். சரியாகவே இருந்தது.

வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் பைனரி (கட்டி முடித்த, ஓடும் கோப்பு) மேல் எல்டிடி ஓட்டச் சொன்னேன். அந்த பைனரி எந்தெந்த லைப்ரரிகளை வெளியிலிருந்து இழுக்கிறது என்று காட்டும் கட்டளை அது. லிப்சி வந்தது, இசட்லிப் வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் காட்டும் லிப்எஸ்எஸ்எல் என்ற வரியே இல்லை. விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. அடுத்து என்ஜின்எக்ஸைப் பெரிய வி போட்டு ஓட்டினார். கம்பைல் செய்தபோது (மூலநிரலை பைனரியாக மாற்றியபோது) கொடுத்த கான்ஃபிகர் வரி முழுசாக வந்து விழுந்தது. அதன் நடுவே ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1சியின் மூலநிரல் பாதை, யாரோ ஒருவருடைய ஹோம் அடைவுக்குள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. அடைவும் இல்லை.

என்ஜின்எக்ஸை இப்படிக் கட்டினால் ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த பைனரிக்குள்ளேயே புதைந்துவிடும். கணினியில் இருக்கும் லைப்ரரியை ஆயிரம் முறை அப்டேட் செய்தாலும் உள்ளே இருப்பது அசையாது. மறுபடி கம்பைல் செய்வது ஒன்றே வழி. அதே வரியில் இரண்டு வெளி மாட்யூல்களின் பாதையும் இருந்தது. அவற்றின் மூலநிரலும் காணோம். எந்தப் பதிப்பு என்று ஊகித்துத் தேடி எடுத்து மீண்டும் கட்டி முடிக்க விடிந்துவிட்டது.

அன்றிலிருந்து யாராவது "சோர்ஸிலிருந்து போடலாமா?" என்று, அதாவது மூலநிரலை நாமே கம்பைல் செய்து நிறுவலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஓட்டை வரும் நாளில் இதை மறுபடி கட்டப்போவது யார்? பேக்கேஜாகப் போட்டால் அந்த வேலையை விநியோகத்தின் பாதுகாப்புக் குழு பார்த்துக்கொள்கிறது. நீங்களே கட்டியதை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையை அடித்த நொடியில் அது உங்கள் தலையில் ஏறிவிடுகிறது, சம்பள உயர்வு எதுவும் இல்லாமல்.

சோர்ஸிலிருந்து கட்டவே கூடாது என்று சொல்லமாட்டேன். பேக்கேஜில் இல்லாத மாட்யூல் வேண்டும், விநியோகத்தில் இருப்பது மிகப் பழசு, நீங்களே ஒரு பேட்ச் போட்டிருக்கிறீர்கள் என்றால் நியாயம். "நம்ம மெஷினுக்கென்றே கம்பைல் பண்ணினால் வேகமாக ஓடும்" என்பதற்காக மட்டும் என்றால் நான் நம்புவதில்லை. கட்டும் இயந்திரத்தின் செயலிக்கென்றே நிரலை வடிக்கும் 'மார்ச் நேட்டிவ்' என்ற கம்பைலர் கொடியைப் போட்டுக் கட்டிய பைனரியை வேறொரு பழைய இயந்திரத்துக்கு நகலெடுத்து, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று அது செத்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை போய்விடும்.

கட்டும்போது பலர் செய்யும் தவறு, ஆரம்பம் முதல் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக உட்காருவது. கான்ஃபிகரும் மேக்கும் பிறர் எழுதிய ஸ்கிரிப்டுகள். அவற்றுக்கு ரூட் அதிகாரம் எதற்கு? சாதாரணப் பயனராகக் கட்டி, கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும் ரூட் அதிகாரம் தரும் சூடோ போதும். மூலநிரல் பொதியான டார்பாலின் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவர் தன் ரகசியச் சாவியால் இடுவது) சரிபாருங்கள். அதே தளத்தில் கிடக்கும் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்) மட்டும் நம்பினால், டார்பாலை மாற்றியவன் ஹாஷையும் மாற்றியிருக்கலாம். 2011இல் எஃப்டிபி சர்வரான விஎஸ்எஃப்டிபிடி 2.3.4இன் டார்பாலையே மாற்றி வைத்துவிட்டார்கள். பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறி போட்டு நுழைந்தால் 6200ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் திறந்தது. கையொப்பத்தைப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

கையொப்பமும் கைவிடும் நாள் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று துருவப்போய், கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவைக் கண்டுபிடித்தார். அதை வைத்தவர் திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவரே என்பதால் கையொப்பம் பழுதில்லாமல் இருந்தது. பின்கதவை உயிர்ப்பிக்கும் ஸ்கிரிப்ட் டார்பாலில் மட்டும் இருந்தது, திட்டத்தின் மூலநிரல் வரலாறு இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. அதற்குப் பிறகு முக்கியமானவற்றுக்கு நான் கிட் டேகிலிருந்து (களஞ்சியத்தில் ஒரு பதிப்புக்கு இட்ட அடையாளம்) எடுத்துக் கட்டுகிறேன். கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கூடுதலாகத் தொல்லை கொடுக்கும், கொடுக்கட்டும்.

மேக் பாதியில் நின்று, 'கில்டு' என்ற சொல்லோடு சிசி1பிளஸ்பிளஸ் என்ற கம்பைலர் பெயரைக் காட்டினால் நிரலில் பிழை தேடாதீர்கள். பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் தடயம் கிடைக்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று மேக்குக்குச் சொல்லும் ஜே எண்ணைக் குறைத்தால் மெதுவாக என்றாலும் முடிந்துவிடும்.

எங்கே நிறுவுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். யூஎஸ்ஆர் லோக்கலில் எல்லாவற்றையும் கொட்டமாட்டேன். ஆப்ட் அடைவுக்குள் (மேலே சொன்ன ஆப்ட் கட்டளை வேறு, இது ஓபிடி) பெயரும் பதிப்பு எண்ணும் சேர்த்து ஒரு அடைவு, அதைக் காட்டும் ஒரு சிம்லிங்க். புதியது சொதப்பினால் லிங்கைப் பழைய அடைவுக்குத் திருப்பி, சேவையை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. கான்ஃபிகர் வரியை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிக் கிட்டில் போடுகிறேன். எல்லா மென்பொருளும் என்ஜின்எக்ஸ் போலத் தன் பிறப்புக் குறிப்பை வயிற்றுக்குள் வைத்திருப்பதில்லை.

ஓட்டுவதற்கு, சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு யூனிட் கோப்பு எழுதுங்கள். ஸ்கிரீன் என்ற டெர்மினல் கருவிக்குள் ஓடவிட்ட சர்வர் ரீபூட்டுக்குப் பிறகு திரும்பி வராது, ஏன் வரவில்லை என்று அடுத்தவருக்குத் தெரியவும் தெரியாது. யூனிட்டில், எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொல்லும் யூசர் வரி கட்டாயம். கூட்டம் வரும் சர்வர் என்றால் லிமிட்நோஃபைலையும் பாருங்கள், திறந்த கோப்புகளுக்கான வழக்கமான வரம்பு 1024தான். 1024க்குக் கீழ் உள்ள போர்ட் வேண்டும் என்பதற்காக ரூட்டாக ஓட்ட வேண்டியதில்லை. ஆம்பியன்ட் கேபபிலிட்டீஸ் வரியில் நெட் பைண்ட் சர்வீஸ் அனுமதியைக் கொடுத்தால் போதும். சிலர் அதே அனுமதியைச் செட்கேப் கட்டளையால் பைனரி மேலேயே ஒட்டுவார்கள். புதிதாகக் கட்டி வைக்கும் பைனரியில் அது இருக்காது. அப்டேட் செய்த இரவில் 443ஆம் போர்ட் திறக்கவில்லை என்று திண்டாடுவார்கள்.

உங்கள் சர்வரில் இப்போது செய்து பார்க்க ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் புராக் அடைவில் எக்ஸி என்றொரு லிங்க் இருக்கும். அது காட்டும் கோப்பை டெபியன் வகையில் டிபிகேஜி பெரிய எஸ்ஸிடமோ, ரெட்ஹாட் வகையில் ஆர்பிஎம் க்யூஎஃப்பிடமோ கொடுத்து "இது எந்தப் பேக்கேஜ்?" என்று கேளுங்கள். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று பதில் வருபவற்றைத் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிப்பு, கட்டிய தேதி, மூலநிரல் இருக்கும் இடம், மறுபடி கட்டத் தெரிந்தவர் பெயர் ஆகியவற்றை நிரப்புங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.