டிஷ்வாஷரில் இட்லித் தட்டு ஏன் கறுக்கிறது?

பளபளவென்று உள்ளே போன அலுமினிய இட்லித் தட்டு, டிஷ்வாஷரில் ஓரிரு முறை கழுவியதுமே சாம்பல் பூத்தோ கறுத்தோ வெளியே வரும். சூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இட்லி வேகும்போது அதே தட்டு 100 டிகிரியில் இருக்கிறது. இயந்திரத்தின் நீரோ பெரும்பாலும் 50 முதல் 70 டிகிரிதான். வேலையைக் காட்டுவது சோப்பு வில்லை.

அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு, கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தில் நடுநிலையான 7-ஐ ஒட்டியே இருக்கும். வில்லை கரைந்த நீரில் அது பொதுவாக 10-ஐத் தாண்டும். நார் போட்டுத் தேய்க்க ஆளில்லாத இயந்திரம், சோடியம் கார்பனேட் போன்ற காரத்தையும் ஆக்சிஜன் வெளியிடும் வெளுப்பானையும் நம்பித்தான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது.

அலுமினியத்துக்குக் காவல் அதன்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். இது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பிஎச் 4 முதல் 8.5 வரைதான் நிலைத்து நிற்கும். காரம் அதைக் கரைத்ததும் அடியிலுள்ள உலோகம் அரிபடும், தொட்டால் விரலில் கறை ஒட்டும். ஆனோடைஸ் செய்த வாணலியும் தப்பாது. அங்கேயும் அதே ஆக்சைடுதான், தடிமன் மட்டும் கூடுதல். கறுத்த தட்டைப் புளித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். இப்போது கறையைக் கரைப்பது அமிலம். தட்டு அலுமினியமா எவர்சில்வரா என்று சந்தேகமா? கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே பருமனில் அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கும் ஈயம் பூசிய பித்தளைக்கும் இதே கதிதான். இவற்றில் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை; அதுவும் சூடான காரத்தில் கரையும்.

தோசைக்கல்லைப் பழக்குவது என்றால், எண்ணெயைச் சூட்டில் இறுகவைத்துக் கரும்படலமாக்குவது. காரம் அதைச் சிதைத்துவிட்டால் இரும்பு வெறுமையாகிவிடும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், மூடிய இயந்திரத்துக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் துரு நிச்சயம். துருவைக் கம்பி நாரால் சுரண்டி, அடுப்பில் உலர்த்தி, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால்தான் கல் மறுபடி பழகும்.

மண்சட்டி சோப்பு நீரை உறிஞ்சிவைத்து அடுத்த மீன்குழம்பில் கக்கும். மரக்கரண்டி ஊறி, காய்ந்து, வெடிக்கும். கத்தியின் கூர் மற்றப் பாத்திரங்களில் மோதி மழுங்கும்.

எவர்சில்வர் குக்கரை வைக்கலாம், ஆனால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவுவதே சரி. மூடியையும் உள்ளே வைத்திருந்தால், சுழலும் நீரில் வரும் சோற்றுப் பருக்கை ஆவித்துளையை அடைத்திருக்கலாம். அடுப்பில் ஏற்றுமுன் மூடியை விளக்குக்கு நேரே பிடித்து, துளை வழியே வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யாமல் குக்கரை மூடாதீர்கள்.