கம்ப்யூட்டர்ல டைம் தப்பா காட்டுதா? எவ்வளவு தப்புனு மொதல்ல பாருங்க

"எந்த சைட்டும் ஓபன் ஆகல, வைரஸ் வந்துடுச்சு போல, விண்டோஸ் மாத்திக் குடுங்க"னு சிஸ்டத்தத் தூக்கிட்டு வர்றவங்க நிறைய பேர். ஆன் பண்ணினதும் நான் பாக்குறது ஸ்கிரீனோட வலது கீழ் மூலையத்தான், அங்க தேதி பல வருஷம் பின்னாடி நிக்கும். ஒவ்வொரு சைட்டோட சர்டிபிகேட்டும் (அது அசல் சைட்தான்னு காட்டுற டிஜிட்டல் அத்தாட்சி) இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும், பிரவுசர் அத உங்க சிஸ்டம் கடிகாரத்த வச்சுத்தான் சரிபாக்குது, அதனால தேதி தப்பா இருந்தா நல்ல சைட்டுக்கும் வார்னிங் காட்டும். அந்த வார்னிங்க தட்டிவிட்டுட்டு உள்ள போய்ப் பழகிடாதீங்க, ஏன்னா நாளைக்கு நிஜமாவே போலி சைட் வந்தாலும் கை அதையேதான் செய்யும். லாகின் பண்ணும்போது ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டுற, 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுற கோடும் இப்படித்தான், அது ஓடுற டிவைஸ்ல டைம் தள்ளிப்போனா கோட் செல்லாது.

சரி, டைம் எப்படித் தப்பாகுதுனு ரெண்டு மூணு நாள் கவனிங்க, காரணம் அதுலயே தெரிஞ்சுடும். ரீஸ்டார்ட் பண்ணா சரியா இருக்கு, ஆனா சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மறுநாள் போட்டா பழைய தேதிக்குப் போகுதுனா மதர்போர்டுல (உள்ள இருக்குற மெயின் சர்க்யூட் போர்டு) இருக்குற பட்டன் செல் தீந்துபோச்சுனு அர்த்தம். சுவிட்ச் ஆன்ல இருக்குற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ல (சிஸ்டத்துக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி) இருந்து கொஞ்சம் கரண்ட் வந்து கடிகாரத்த ஓட்டிட்டே இருக்கும், அதனாலதான் சில பேருக்கு செல் செத்து ரொம்ப நாள் ஆகியும் தெரியாது.

கரெக்டா சில மணி நேரம், இல்ல அஞ்சரை மணி நேரம் மாதிரி அரை மணி கணக்கா மட்டும் தள்ளி இருக்கு, மத்தபடி நிமிஷம் சரியா இருக்குனா செல் மேல தப்பு இல்ல. டைம் ஜோன் மாறியிருக்கும், இல்லன்னா ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் இருக்கும். லினக்ஸ், போர்டு கடிகாரத்துல யுடிசி டைம (உலகப் பொது நேரம்) எழுதும், விண்டோஸ் அத லோக்கல் டைம்னு படிக்கும், ரெண்டும் மாறி மாறித் திருத்திக்கிட்டே இருக்கும். ரெண்டுல ஒண்ண மட்டும் இன்னொண்ணு மாதிரி படிக்கச் சொல்லி செட் பண்ணிட்டா முடிஞ்சது.

நிமிஷக்கணக்குல மெதுவா நழுவுதுனா ஆன்லைன் சிங்க் நடக்கல. போர்டுல இருக்குற 32,768 ஹெர்ட்ஸ் கிறிஸ்டல் நாளைக்கு ஒண்ணு ரெண்டு செகண்ட் முன்னப்பின்ன ஓடுறது சகஜம், அத சரிபண்ணத்தான் என்டிபி (நெட் வழியா சரியான டைம வாங்குற முறை) இருக்கு. செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைம் போய் "சிங்க் நவ்" குடுங்க. தேதி ரொம்பத் தள்ளி இருந்தா, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல போயிருந்தா, விண்டோஸ் வழக்கமா தானா திருத்தாது, கையால கிட்டத்தட்ட சரியா வச்சுட்டு அப்புறம் சிங்க் பண்ணுங்க. ஆபீஸ் நெட்வொர்க்குனா ஃபயர்வால்ல (நெட்வொர்க் காவல்) என்டிபி போற வழியான யுடிபி 123 போர்ட் அடைச்சிருக்கானு கேளுங்க.

செல் மாத்துறது பெரிய வேலை இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற போர்டு செட்டிங்ஸ்) பக்கங்கள எல்லாம் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. செல்லக் கழட்டினா பயாஸ் செட்டிங்ஸ் பழையபடி போயிடலாம், அப்ப சாட்டா மோட் (டிஸ்க்க போர்டு படிக்கிற விதம்) மாறிப்போனா விண்டோஸ் பூட்டே ஆகாது, பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா ரெகவரி கீ கேக்கும், அது கைல இல்லன்னா டேட்டா போச்சு. பவர் கேபிள உருவிட்டு, பவர் பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு, கிளிப்ப நகத்தால தள்ளினாலே செல் எகிறி வரும், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க. பெரும்பாலும் சிஆர்2032தான். 20னா 20 மில்லிமீட்டர் அகலம், 32னா 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 செல்லும் அதே அகலம்தான், சாக்கெட்ல உக்காரும், ஆனா தடிமன் கம்மி, காண்டாக்ட் விட்டு விட்டு வரும், அப்புறம் "புது செல் போட்டும் சரியாகல"னு போர்டு மேல பழி போடுவாங்க. பிளஸ் பக்கம் மேல இருக்கட்டும். லேப்டாப்ல ரெண்டு ஒயரோட உறை போட்ட செல்லா இருக்கும், சில மாடல்ல தனி செல்லே கிடையாது, மெயின் பேட்டரியே பாத்துக்கும்.

கழட்டின செல்ல மேஜை மேல போட்டுடாதீங்க. போர்டுக்குப் பத்தாத அந்த செல்லுலயும் சார்ஜ் மிச்சம் இருக்கும், குழந்தை முழுங்கி அது தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்கிடும், அப்படி சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி இ-வேஸ்ட்ல போடுங்க.